ஒரு விரல் இடைவெளி

சாணக்கியபுரியில் ஒரு தூதரகத்தின் விருந்து மண்டபத்துக்கு மரத்தரை போடும் வேலை மே மாதத்தில் எனக்குக் கிடைத்தது. மழைக்காலத்தில் மரம் உப்பும் என்பதால், சுவரோரம் ஒரு விரல் இடைவெளி விட வேண்டும் என்றேன். கட்டட நிர்வாகி மதுரைக்காரர். தூதரின் முன்னால் சிரித்தார்.

“மேடம், இது நீங்க கோலம் போடுற வாசல் இல்ல. இடைவெளி கிடைவெளி வேணாம், இறுக்கிப் போடுங்க.”

அதையே ஆங்கிலத்திலும் சொன்னார். தூதரும் சிரித்தார். நான் இறுக்கியே போட்டேன்.

ஜூலையில் மழை பிடித்தது. பெரிய விருந்து நடக்கவிருந்த நாள் காலையில் நிர்வாகி போன் செய்தார். போனேன். மண்டபத்தின் நடுவே தரை ஒட்டகத் திமில் போல எழும்பி நின்றது.

“சாயங்காலம் விருந்து மேடம். என் வேலையே போயிடும். ஜல்தி ஏதாவது பண்ணுங்க.”

“சுவரோரப் பலகையைச் செதுக்கி இடம் விட்டா இறங்கிடும். என் ஆளுங்களை வரச் சொல்லட்டுமா?”

அவர் முகம் வெளிறியது. எனக்கு நிரந்தர பாஸ் உண்டு; ஆனால் வேலையாட்களுக்கு முந்தைய நாளே பாஸ் வாங்க வேண்டும் என்று விதி போட்டவர் அவர்தான்.

என் பையிலிருந்து ஓர் உளியை எடுத்து அவரிடம் நீட்டினேன். கோட்டைக் கழற்றிவிட்டு மண்டியிட்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

“இன்னும் நல்லா குனிங்க சார். கோலம் போடுற மாதிரி.”

மாலைக்குள் தரை இறங்கிவிட்டது. அவர் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

என் பையில் இன்னொரு உளி இருந்தது. அதை எடுக்காததற்காக வருந்த இன்றும் முயன்று பார்க்கிறேன். வருத்தம் வரவில்லை.