செவ்வாய்க்கிழமைச் சோற்றுப் பார்சல்

செவ்வாய்க்கிழமை என்றால் எவ்லின் விடியமுன்பே அடுப்படிக்குப் போய்விடுவாள். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, நெத்தலிப் பொரியல், கத்தரிக்காய் மோஜு. எல்லாம் மகன் எட்வேட்டுக்குப் பிடித்தவை. சாப்பிடத்தான் எட்வேட் இல்லை. யுத்தம் முடிவதற்கு முந்திய வருடம், கொட்டாஞ்சேனையில் வீட்டுக்குப் பக்கத்துச் சலூனுக்கு முடி வெட்டப் போனவனை ஒரு வெள்ளை வான் ஏற்றிக்கொண்டு போனது. பொலிஸ், காம்ப், கமிஷன் என்று அதன் பிறகு அவள் ஏறி இறங்காத இடமில்லை. எல்லா இடத்திலும் உட்காரக் கதிரை தந்தார்கள். சில இடங்களில் தேத்தண்ணீரும் தந்தார்கள். பிள்ளையைத்தான் ஒருவரும் தரவில்லை.

கடைசியில் அந்தோனியாரிடம் போனாள். காணாமற் போனதைத் தேடித் தருவதற்கென்றே பேர் போனவர் அவர். செவ்வாய்தோறும் ஒருவனுக்குச் சோறு கொடுப்பதாக நேர்த்தி வைத்தாள். அந்த ஒருவனாக அவள் பிடித்தது விஜேபாலவை. கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போகும் ரோட்டில் லொத்தர் சீட்டு விற்பவன். முகமாலையில் மிதிவெடியில் இடது காலை விட்டுவிட்டு வந்த ஆமிக்காரன். எட்வேட்டின் வயதுதான் இருக்கும்.

மகள் செலீன் கோபத்தில் துள்ளிக் குதித்தாள்.

"உங்களுக்கு வெக்கமில்லையா அம்மா? தம்பியக் கொண்டுபோன ஆக்களுக்கே சோறு கட்டுறீங்கள்?"

"இவனே கொண்டுபோனவன்? இவனுக்குக் காலே இல்ல."

வெளியில் இப்படிச் சொன்னாலும் எவ்லினின் கணக்கு வேறு. அவர்களுடைய பிள்ளைக்கு நான் சாப்பாடு போடுகிறேன், என்னுடைய பிள்ளைக்கு அவர்களைக் கொண்டு நீர் போட வையும். அந்தோனியாரின் காலைத் தொட்டு அவள் பேசிய பேரம் இதுதான். புண்ணியம், மன்னிப்பு என்ற பெரிய சொல்லெல்லாம் அவளுக்குத் தேவைப்படவில்லை.

முதல் நாள் பார்சலை நீட்டியபோது விஜேபால, "ஆருக்காக அம்மே?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"மகனுக்காக."

"மகன்ர பேர் என்ன?"

சொன்னாள். கறியெல்லாம் அவனுக்குப் பிடித்தவை என்றாள். விஜேபால பார்சலை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை மூடி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான். எட்வேட்டின் பேர் மட்டும் அவள் காதில் விழுந்தது. அன்றிலிருந்து ஒரு செவ்வாயும் அவன் அதைத் தவறவிட்டதில்லை. புத்த சமயத்தவன் ஒருவன் எட்வேட் திரும்பி வர வேண்டிக்கொள்கிறான் என்று எவ்லினுக்கு அத்தனை ஆறுதல். அன்றைக்கு மட்டும் நெஞ்சு கொஞ்சம் இலேசாகி வீடு திரும்புவாள்.

ஒன்றில் மட்டும் அவள் கல்லாக நின்றாள். கல்லறைத் திருநாளுக்குக் கொட்டாஞ்சேனையே மெழுகுதிரி வாங்கிக்கொண்டு மாதம்பிட்டிச் சவக்காலைக்குப் போகும். எவ்லின் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருப்பாள். "தம்பிக்கு ஒரு பூசையாவது ஒப்புக்குடுப்பம் அம்மா" என்று ஒருமுறை செலீன் கேட்டுவிட்டாள். "உயிரோட இருக்கிற பிள்ளைக்குச் செத்த பூசை வைக்கிற தாய எங்க கண்டனீ?" என்று எவ்லின் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ரேடியோ நின்றது. செத்தவர்களுக்குச் சொல்லும் செபம் ஒரு வாயிலிருந்தும் தன் மகனின் பேரோடு சேர்ந்து வரக்கூடாது. அவளிடம் மிஞ்சியிருந்த காவல் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு செலீன் தம்பியின் பேரையே எடுப்பதில்லை.

போன வருடம் ஒரு சங்கம் காயப்பட்ட படைவீரர்களைக் கௌரவிக்கப் புறப்பட்டது. அதில் ஓடித்திரிந்த கிளெமென்ற், துறைமுகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர், எவ்லினைத் தேடி வந்தார்.

"அக்கா, விஜேபாலவுக்கு நீங்கள் வந்து உங்கட கையால பரிசு குடுக்கவேணும். ஒரு தமிழ்த் தாய் குடுத்தா அதுக்கொரு மதிப்பு."

படத்துக்கும் நன்றாயிருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. விஜேபாலவுக்கு நல்லது நடக்கட்டும் என்று எவ்லின் போனாள். மண்டப வாசலில் காவலுக்கு நின்றவர்கள் விஜேபாலவின் பொய்க்காலைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீரனை உள்ளே விட்டார்கள். மேடையில் எவ்லின் கையால் ஒரு துவாயும் சுவர் மணிக்கூடும் கொடுக்க வைத்தார்கள். நாள் முழுக்க ரோட்டில் நிற்கிறவனுக்குச் சுவர் மணிக்கூடு.

பிறகு அவனிடம் மைக்கைக் கொடுத்தார்கள்.

"இந்த அம்மா ஒவ்வொரு செவ்வாயும் செத்துப்போன மகனுக்காக எனக்குத் தானம் குடுக்கிறவ. அவனுக்குப் பிடிச்ச கறியெல்லாம் சமைச்சுக் கொண்டு வாறவ. நானும் எட்வேட் எண்டு பேர் சொல்லி, புண்ணியம் அவனுக்குப் போய்ச் சேரட்டும், நிர்வாண மோட்ச சுகம் கிடைக்கட்டும் எண்டு சொல்லாமல் ஒருநாளும் சாப்பிட்டதில்லை."

மண்டபம் கைதட்டியது. கிளெமென்ற் எழுந்து நின்று தட்டினார். எவ்லினின் மகன் செத்ததற்கு அத்தனை பேர் கைதட்டினார்கள். மேடையில் அவள் சிரித்தபடிதான் நின்றாள், கமராக்காரன் சிரிக்கச் சொல்லியிருந்தான். இத்தனை வருடமும் தன் கையாலேயே சமைத்து, கட்டி, கொண்டுபோய், பிள்ளைக்குச் செத்தவீட்டுத் தானம் கொடுத்திருக்கிறாள்.

அடுத்த செவ்வாயும் சமைத்தாள். நேர்த்தியை முறிக்கப் பயம்.

"என்ர மகன் சாகேல்ல." பார்சலைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். "ஆர் உனக்குச் செத்தவன் எண்டு சொன்னது?"

விஜேபால விறைத்துப்போனான். "ஒருத்தரும் சொல்லேல்ல அம்மே. பேர் சொன்னீங்கள், அவனுக்குப் பிடிச்ச கறி எண்டு சொன்னீங்கள். எங்கட ஊரில தானம் அப்பிடித்தான். உயிரோட இருக்கிற பிள்ளையின்ர பிறந்தநாள் எண்டால் வேற இடங்களுக்குப் போவினம். என்னைத் தேடி வாற ஆக்கள் செத்தவைக்காகத்தான் வாறவை."

அவளுக்கு அவனை அடிக்க வேண்டும்போல் இருந்தது. அழவும் வேண்டும்போல் இருந்தது.

"இனி ஒண்டும் சொல்லாத. சும்மா சாப்பிடு."

அவன் தலையாட்டினான். கண்ணை மூடவில்லை, முணுமுணுக்கவில்லை. பார்சலைப் பிரித்துச் சோற்றில் கை வைத்தான். எவ்லின் பார்த்துக்கொண்டு நின்றாள். தன்னைத் தவிர இந்தக் கொழும்பில் எட்வேட்டின் பேரைச் சொல்லிவந்தது இந்த ஒரு வாய்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதையும் அவளே அடைத்துவிட்டாள்.

"பேர மட்டும் சொல்லு," என்றாள். "வேற ஒண்டும் வேண்டாம்."

அவன் சோற்றிலிருந்து கையை எடுத்தான்.

"எட்வேட்," என்றான்.

அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாமல் அவளைப் பார்த்தான். அவளுக்கும் தெரியவில்லை.