டொக்டர் நே, தே

போன மாதம் மச்சாள் என் வெள்ளவத்தை வீட்டுக்குள் நுழைந்தபோது பனங்கட்டி வாசமும் கூடவே வந்தது. கைப்பைக்குள் பனையோலையில் பின்னிய சின்னக் குட்டான், அது நிறையப் பனைவெல்லக் கட்டிகள். கொழும்பிலும் பனங்கட்டி வாங்கலாம் என்றால் கேட்கிற ஆளா அவள்? பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்து, பிறகு என் அண்ணனைக் கட்டியவள். அவளுடைய பிடிவாதம் எனக்குப் பழசு.

யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோதும் இதே போல ஒரு குட்டான் கொண்டுவந்தாள். நான் ஒருமுறை அலுவலக விருந்துக்குப் போய், கடலைப் பார்த்த பெரிய ஹோட்டலொன்றில் பின்னேரத் தேநீர் குடித்ததை அவளிடம் பீற்றியிருந்தேன். மூன்று தட்டு அடுக்கு, விரலளவு சான்விச், பூப்போட்ட கோப்பை. வந்திறங்கிய அன்றே, "என்னை அங்க கூட்டிக்கொண்டு போம் மச்சாள்" என்றாள்.

வழியில் சோதனைச் சாவடி. வடக்கிலிருந்து வந்தவர்கள் கொழும்பில் நடமாட ஒரு காரணம் வேண்டும். எங்களிடம் ஆயத்தமாக இருந்த காரணம் கண் டொக்டர். அந்த நாட்களில் கொழும்புத் தமிழர் எல்லோருக்கும் கண்ணில் ஏதோ ஒரு வருத்தம் இருந்தது. மச்சாளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். அவள் குட்டானையும் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள்.

ஓட்டோவை மறித்த அதிகாரி எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான். கண் டொக்டரிடம் என்றேன். டொக்டர் என்ற சொல்தான் எந்த மொழியிலும் ஒன்றாயிற்றே! மச்சாளுக்கு அது விளங்கிவிட்டது. தனக்குத் தெரிந்த இரண்டே இரண்டு சிங்களச் சொற்களை எடுத்துப் போட்டாள்.

"டொக்டர் நே. தே."

டொக்டர் இல்லை, தேநீர். இரண்டு பேர் இரண்டு பதில் சொன்னால் பொலிஸ் நிலையம்தான். எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடு தள்ளி ஒரு பிள்ளையை அப்படிக் கொண்டுபோயிருந்தார்கள்; தாய் இன்னும் தேடி அலைந்துகொண்டிருந்தாள். மச்சாளின் அடையாள அட்டை சாவடிக்குள் போனது. எங்களை வெயிலில் நிற்க விட்டார்கள். ஒரு சிப்பாய்ப் பெண் குட்டானைப் பிரித்து, உள்ளே ஏதும் இருக்குமோ என்று பனங்கட்டியைத் துண்டு துண்டாக உடைத்தாள்.

"யாழ்ப்பாணத்தில தேத்தண்ணி இல்லையாமோ எண்டு கேக்கிறார்" என்று அதிகாரி கேட்டதைச் சொன்னேன்.

"தேத்தண்ணி இருக்கு. சீனியைத்தான் நீங்கள் தடைபோட்டு வரவிடுறேல்லை எண்டு சொல்லும்."

"மச்சாள், வேண்டாம்."

"நீர் சொல்லும். பொய் சொல்லித்தான் ஒரு தேத்தண்ணி குடிக்க வேணுமெண்டா எனக்கு அது வேண்டாம்."

சொன்னேன். அவன் அவளையே பார்த்தான். அவளும் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அட்டையைத் திருப்பித் தந்து, போகச் சொல்லிக் கைகாட்டினான். ஏன் விட்டான் என்று தெரியாது. அவனை நல்லவன் என்று எழுத எனக்கு மனமும் இல்லை.

ஹோட்டலில் யன்னலோர மேசையாகப் பார்த்து இருந்தாள். வெள்ளிக் கிண்ணத்தில் சீனிக்கட்டிகள் இருந்தன. அவள் அதைத் தள்ளிவைத்துவிட்டு, உடைந்த பனங்கட்டியில் ஒரு துண்டை உள்ளங்கையில் எடுத்து, வீட்டில் செய்வது போலவே ஒரு கடி, ஒரு மிடறு என்று குடித்தாள். பக்கத்து மேசைச் சீமாட்டிகள் திரும்பிப் பார்த்தார்கள். நான் மேசைக்குக் கீழே அவளுடைய காலைத் தட்டினேன்.

"சீனி இல்லாத இடத்தில இப்பிடித்தான் குடிச்சனான். இருக்கிற இடத்திலயும் இப்பிடித்தான் குடிப்பன். நீரும் எடும்" என்று ஒரு துண்டை என் கையில் வைத்தாள்.

எடுத்தேன். கடித்தேன். அதைப் போல ருசியான தேநீரை நான் இன்றுவரை குடித்ததில்லை.

சாவடி இருந்த இடத்தில் இப்போது தொலைபேசிக் கடை. மச்சாள் இம்முறை வந்தது கண்புரைக்கு வைத்தியம் பார்க்க. ஓட்டோக்காரர் எங்கே போகவேண்டும் என்று கேட்டார். கண் டொக்டரிடம் என்றேன். அத்தனை வருடமாகச் சொன்ன பொய் முதல்முறையாக உண்மையாகியிருந்தது.

மச்சாள் குட்டானை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கம் குனிந்தாள்.

"டொக்டர் நே," என்றாள். "தே."