விழுற ஐட்டம்

1. டீச்சர்

கடைக்குள் வந்ததும் அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "மைக்ல பேசுற ஆள் யாரு?"

கடையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அங்கே டயர்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

எழுபதுகளின் கடைசி. மதுரை கீழமாசி வீதியில் ஒரு சைக்கிள் கடையில் சேல்ஸ்மேனாகச் சேர்ந்திருந்தேன். எனக்கு ஒழுங்காக பில் போட வராது, செயின் மாட்ட வராது, வாயை மூடவும் வராது. "இவன உள்ள வச்சா யாவாரம் கெட்டுரும், வெளிய அனுப்பு" என்று மொதலாளி என்னைப் பப்ளிசிட்டிக்கு மாற்றினார். இன்றைக்கு விளம்பரத் துறையில் இருக்கிற தம்பி தங்கைகள் ஏசி அறையில் பிரசென்டேஷன் போட்டுச் செய்கிற வேலையை, நான் பொட்டலில் குழாய் ஸ்பீக்கர் கட்டிச் செய்தேன்.

எங்கள் விளம்பரம் என்பது ஒரு மனிதர். பெயர் முத்துக்கருப்பன். முப்பது வயதிருக்கும், ஒல்லி. ஊருக்குள் ஒரு பொட்டலில் கம்பம் நட்டு, கயிறு கட்டி, ட்யூப் லைட் போடுவோம். அவர் நாள் கணக்கில் காலைத் தரையில் ஊன்றாமல் அதற்குள் சைக்கிளில் சுற்றிக்கொண்டே இருப்பார். சாப்பாடு, குளியல், சவரம் எல்லாம் சைக்கிள் மேலேயே நடக்கும். அவர் மனைவி பேச்சியம்மா கூடவே ஓடி ஓடிச் சோற்று உருண்டையைக் கையில் கொடுக்கும். சாயங்காலம் கூட்டம் சேர்ந்ததும் ஐட்டங்கள் நடக்கும். சீட்டில் நிற்பார், திரும்பி உட்கார்ந்து ஓட்டுவார், இரண்டு கையையும் விரித்து ஓட்டுவார். சுற்றிலும் எங்கள் கடை பேனர். மைக்கில் நான், மணி.

"நீங்க கையை விட்டாலும் உங்களைக் கைவிடாத சைக்கிள்!" இது நான் எழுதிய வாசகம். அதற்காக மொதலாளி எனக்கு ஒரு முழு பிளேட் அல்வா வாங்கிக் கொடுத்தார்.

கடைக்கு வந்த அந்த அம்மா எழுமலைப் பள்ளிக்கூட டீச்சர். அதே வாசகத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் என்னிடம் சொன்னார். பிறகு, எழுமலையில் நாங்கள் ஷோ முடித்துக் கிளம்பிய வாரத்தில் நடந்ததைச் சொன்னார். அவர் வகுப்பில் படித்த ஒன்பதாம் வகுப்புப் பையன், கண்மாய்க்கரை இறக்கத்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்திருக்கிறான். எதிரில் பஸ். கூட வந்த பையன்கள் அந்த நிமிடம் வரை கைதட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மொதலாளி மெதுவாகக் கேட்டார். "அது நம்ம கடை சைக்கிளாம்மா?"

"இல்ல. அவங்க சித்தப்பா சைக்கிள். வேற கம்பெனி."

மொதலாளி மூச்சை விட்டார். அந்த மூச்சுச் சத்தம் டீச்சருக்கும் கேட்டது.

"அந்த மனுசன் இத்தன நாள் ஓட்டுறாரே, ஒருக்காகூட விழ மாட்டாரா?" என்றார் டீச்சர்.

"விழுந்தா அப்புறம் அது என்ன ஷோம்மா?" என்றேன் நான்.

"விழுந்தா என்ன ஆகும்னு பிள்ளைகளுக்குத் தெரிய வேணாமா? விழவே விழாதுன்னு காட்டிக்காட்டியே விக்கிறீங்க."

நான் மேஜை மேல் கிடந்த பில் புக்கை எடுத்துப் புரட்டினேன், எனக்குத்தான் பில் போட வராதே.

2. பெர்மிஷன்

டீச்சர் சும்மா இருக்கவில்லை. மேலே வரைக்கும் எழுதினார். பேப்பரிலும் வந்தது. இப்படிப்பட்ட ஷோவைத் தடை பண்ண வேண்டும் என்று சிலர் எழுதினார்கள். ஏழை வயிற்றில் அடிக்காதே என்று சிலர் எழுதினார்கள். எங்கள் பேனர் பெயரைச் சொல்லாமல் எல்லோரும் எங்களைத்தான் சொன்னார்கள்.

அடுத்த ஷோ மேலூரில். மைக்குக்கும் பொட்டலுக்கும் பெர்மிஷன் கேட்டு ஸ்டேஷனுக்குப் போனோம். மொதலாளி, முத்துக்கருப்பன், நான் மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இன்ஸ்பெக்டர் எங்கள் மனுவை விசிறியாகப் பயன்படுத்திக்கொண்டே பேசினார்.

"டீச்சரம்மா விட மாட்டேங்குறாக. பாதுகாப்பப் பத்தி ஷோவுல ஏதாச்சும் வைங்க. வச்சா பெர்மிஷன், இல்லாட்டி கிடையாது."

"நோட்டீஸ் அடிச்சுக் குடுக்குறோம் சார்."

"நோட்டீஸ வாங்கி முறுக்கு மடிப்பான். பாக்குற மாதிரி வைங்கய்யா."

மொதலாளி முகம் பிரகாசமானது. அவருக்கு யோசனை வந்தால் எங்களில் ஒருவருக்கு வேலை வரும். "விழுந்து காட்டச் சொன்னாக. விழுந்து காட்டிருவோம். முத்து, நீ கையை விட்டு வாரே, சர்ருன்னு விழுறே. மணி மைக்ல புத்தி சொல்றான். முடிஞ்சு போச்சு."

முத்துக்கருப்பன் எழுந்து நின்றார். "மொதலாளி, கால் ஊனாம ஓட்டுறவன்னுதான் எனக்குப் பேரு. விழுந்தா ஓடுன ஓட்டமெல்லாம் போச்சே."

"அது கணக்குல சேராதுன்னு மைக்ல சொல்லிருவான்."

"சனம் கணக்குல சேருமே."

"ஏப்பா, பிட்டர் வேலை வேணும்னு கேட்டேல்ல? இந்த ஷோ முடியட்டும், கடையில மாசச் சம்பளத்துக்கு உக்காரு. நான் வாக்கு மாற மாட்டேன்."

சைக்கிள் பூட்டித் தருகிற அந்த வேலைக்காக அவர் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. ராத்திரி பூராவும் சைக்கிள் மேல் தூங்காமல் தூங்கி, கீழே படுத்தால் தூக்கம் வராத உடம்பாகிவிட்டது. பேச்சியம்மா என்னிடமே ரெண்டு மூணு தடவை சொல்லியிருக்கிறது. "அண்ணே, இவுக ஒரு எடத்துல உக்காந்து ஸ்பேனர் பிடிச்சு நான் பாக்கணும்."

வெளியே வந்ததும் நான் அவரைத் தேற்றினேன். "பொய்யாத்தானே விழப்போறீரு, விடும்."

"பொய்யா விழுறதுன்னு ஒண்ணு கிடையாதுண்ணே. தரை நெசம்தானே?"

"சர்க்கஸ்காரன் விழலையா?"

"அவனுக்குக் கீழ வலை கட்டியிருக்கும்ணே."

விழுகிற இடத்தில் மணல் கொட்டிப் பார்த்தோம். ஆனால் மீதி நேரமெல்லாம் அவர் அதே வட்டத்தில்தான் சுற்றியாக வேண்டும். மணலில் வீல் இழுத்தது. அவரே மணலை அள்ளச் சொல்லிவிட்டார்.

3. மேலூர்

முதல் நாள் சாயங்காலம் ஐட்டங்கள் எல்லாம் முடிந்து கடைசியாக, கையை விரித்து வந்தார். பஸ் மூஞ்சி வரைந்த தட்டி ஒன்றை இரண்டு பேர் குறுக்கே தள்ளினார்கள். அதில் மோதிச் சரிந்தார். நான் மைக்கில் பிடித்துக்கொண்டேன்.

"பாத்தீங்களா மாப்ளைகளா! கையை விட்டாரு, பல்லை விட்டாரு! எமன் எருமையில வருவான்னு நெனைக்காதீங்க, மேலூர் பஸ்லயும் வருவான், டிக்கட் இல்லாமயே கூட்டிட்டுப் போவான்!"

பொட்டல் அதிர்ந்தது. அத்தனை வருஷத்தில் சீட்டின் மேல் நின்றதற்குக்கூட அப்படி ஒரு விசில் வந்ததில்லை. முத்துக்கருப்பன் எழுந்து, மண்ணைத் தட்டி, சலாம் வைத்தார். "ஒன்ஸ் மோர்" என்று கத்தினார்கள்.

மறுநாள் கூட்டம் இரண்டு பங்கு. யாரும் பேலன்ஸ் ஐட்டத்தைப் பார்க்கவில்லை. "எப்பண்ணே விழுவாரு?" என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். மொதலாளி ஒரு விழலை இரண்டாக்கினார். இன்ஸ்பெக்டர் குடும்பத்தோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இது நல்ல மெசேஜ்" என்றார்.

டீச்சரையும் மொதலாளியே காரில் வரவழைத்து நாற்காலி போட்டு உட்கார வைத்தார். டீச்சர் சைக்கிளைப் பார்க்கவில்லை. சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் சிரித்துச் சிரித்து ஒருவர் மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தார்கள்.

ஷோ முடிந்ததும் மொதலாளி கையைக் கட்டிக்கொண்டு போய் நின்றார். "திருப்தியா டீச்சரம்மா?"

"நான் கேட்டது இது இல்லீங்க."

"விழணும்னுதானே கேட்டீக?"

"விழுந்தா எந்திரிக்க முடியாதுன்னு தெரியணும்னு கேட்டேன். இவரு ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சு சலாம் வைக்கிறாரே. எங்க பையன் எந்திரிக்கல."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். மொதலாளி அங்கேயே நின்றார். அவர் முகம் மறுபடியும் பிரகாசமாவதை நான் பார்த்தேன்.

4. வெள்ளைத் துணி

திட்டம் இதுதான். கடைசி நாள் முத்துக்கருப்பன் விழுந்து எழுந்திருக்கவே கூடாது. நான் மைக்கில் ஜோக் அடிக்கக் கூடாது. நான்கு பேர் கயிற்றுக் கட்டிலோடு வந்து அவரைத் தூக்கிக் கிடத்தி, வெள்ளை வேட்டியால் மூடி, கூட்டத்தைச் சுற்றி எடுத்துப் போக வேண்டும்.

இதைக் கேட்டதும் பேச்சியம்மா சோற்றுச் சட்டியைக் கீழே வைத்தது.

"என் புருசன் உசிரோட இருக்கையில வெள்ளைத் துணியப் போடுவீகளா? நான் என்ன தாலிய அத்துப்போட்டு மைக்ல ஒப்பாரி வைக்கணுமா?"

"விளம்பரம்த்தா. சும்மா" என்றார் மொதலாளி.

"எனக்கு ஒண்ணும் சும்மா இல்ல."

முத்துக்கருப்பன் வட்டத்தில் சுற்றிக்கொண்டே இதைக் கேட்டார். எங்களைக் கடக்கும்போதெல்லாம் ஒரு துண்டு பேச்சு பேசினார். ஒரு சுற்றில், "விடு பேச்சி." அடுத்த சுற்றில், "நாளைக்கோட முடிஞ்சுரும்." அதற்கடுத்த சுற்றில், "அப்புறம் ஸ்பேனருதான்."

பேச்சியம்மா சட்டியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போய், பொட்டலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது.

கடைசி நாள் அவர் நன்றாக வேகம் எடுத்து வந்தார். தட்டி குறுக்கே வந்தது. ஹேண்டில் மடங்கி, வலது தோள் முதலில் தரையில் பட, விழுந்தார். அசையவில்லை. நான் மைக்கை வாயிலிருந்து எடுத்துவிட்டேன். கட்டில் வந்தது. துணி போட்டார்கள். பொட்டலில் ஒரு சத்தம் இல்லை. எங்கோ ஒரு பிள்ளை அழுதது. பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். மொதலாளி என் காதில், "பாத்தியா, இப்பத்தான் பாதுகாப்பு" என்றார்.

கட்டிலைக் கொட்டகைக்குப் பின்னால் இறக்கியதும் நான் துணியை விலக்கினேன். "பின்னிட்டீரய்யா. நெசமான பொணம்கூட இம்புட்டு நல்லாக் கெடக்காது."

அவர் கண் திறந்திருந்தது. முகம் பூராவும் வேர்வை.

"நடிக்கலண்ணே," என்றார். "கை இருக்குற எடம் தெரியல."

அன்றைக்கும் அங்கேயே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த பேச்சியம்மா திரும்பிப் பார்த்தது. அது போட்ட சத்தம் முன்பக்கம் வரை கேட்டிருக்கும். கூட்டம் அதையும் ஷோவில் சேர்த்துத்தான் கேட்டிருக்கும்.

5. சட்டை

எலும்பு கூடியது. கை கூடவில்லை. தோளுக்கு மேல் தூக்க முடியாது, விரல்களில் பிடிமானம் இல்லை. பிட்டர் வேலைக்கு இரண்டு கையும் வேண்டும். மொதலாளி வாக்கு மாறவில்லை, வேலையைத்தான் மாற்றினார். முதுகில் கடைப் பெயர் போட்ட மஞ்சள் சட்டை ஒன்று தைத்துக் கொடுத்து, கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். பக்கத்தில் ஒரு போர்டு: 'இரு கைகளாலும் பிடித்து ஓட்டுங்கள்.' வருகிறவர்கள் போர்டைப் படித்துவிட்டு அவர் கையைப் பார்ப்பார்கள். அதுதான் அவர் டியூட்டி.

விஷயம் கேள்விப்பட்டு டீச்சர் மறுபடி கடைக்கு வந்தார். முத்துக்கருப்பன் முன்னால் நின்று அழுதார். பிறகு, "எங்க பிள்ளைக முன்னாடி வந்து நீங்க ரெண்டு வார்த்தை சொல்லணும். மைக் வேணாம், பேனர் வேணாம்" என்றார். எழுமலைக்கு அவரைக் கூட்டிப்போகிற துணையாக மட்டும் என்னை அனுப்பினார்கள். வாயைத் திறக்காமல் நான் பார்த்த ஒரே புரோகிராம் அதுதான்.

பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் எழுந்து சொன்னார். "நான் விழுந்தேன். கை போச்சு. ஒரு டம்ளர் தண்ணியக்கூட இந்தக் கையால எடுத்துக் குடிக்க முடியல. நீங்க ஹேண்டில விட்டு ஓட்டாதீக." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பின் வரிசையிலிருந்து ஒரு குரல். "அண்ணே, ஒருக்கா ஓட்டிக் காட்டுங்கண்ணே."

"அதெல்லாம் கூடாது" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர். மெதுவா, ஒழுங்கா எப்பிடி ஓட்டணும்னு காட்டுறேன்."

பியூன் சைக்கிளை வாங்கி ஏறினார். வலது கை உடம்போடு ஒட்டித் தொங்கியது. இடது கையால் மட்டும் ஹேண்டிலைப் பிடித்து, மைதானத்தை ஒரு சுற்று, ஒரு ஆட்டம் ஆடாமல், கோடு போட்ட மாதிரி வந்தார். அவரால் முடிந்தது அப்படித்தான். பாதிச் சுற்றிலேயே பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். விசில் வேறு. மேலூருக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன். அந்தச் சிரிப்பை நான் குறை சொல்ல மாட்டேன்.

மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். சைக்கிள் வைத்திருந்த பையன்களில் நாலைந்து பேர், வலது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டிப் போனார்கள். டீச்சர் கேட்டில் ஓடிப்போய் ஒவ்வொரு ஹேண்டிலாகப் பிடித்து நிறுத்தினார். "எறங்கு. உருட்டிட்டுப் போ. நீயும் எறங்கு." முத்துக்கருப்பன் பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பு போய்விட்டது.

மதுரைக்குத் திரும்பியதும் பள்ளிக்கூடத்தில் நடந்ததைக் கடையில் சொன்னேன். மொதலாளி கைதட்டு வரைக்கும்தான் கேட்டார். "அந்தப் பக்கம் எம்புட்டுப் பள்ளிக்கூடம்ப்பா இருக்கு?"

மறுநாள் ஸ்டூல் காலியாக இருந்தது. பேச்சியம்மா வந்தது. துவைத்து மடித்த மஞ்சள் சட்டையை மேஜை மேல் வைத்தது.

"இதுக்கு வேற ஆள் பாத்துக்கங்க."

"சாப்பாட்டுக்கு என்னத்தா பண்ணுவீக?" என்றார் மொதலாளி.

"அது எங்க பாடு."

அவர்கள் பேச்சியம்மா ஊருக்கே போய்விட்டதாகக் கேள்வி. நான் அதற்குப் பிறகும் நிறைய வருஷம் இதே தொழிலில் இருந்தேன். சோப்பு விற்றேன், பல்பொடி விற்றேன், பாதுகாப்பு வாரத்துக்கு மைக்கும் பிடித்தேன். புதிதாகச் சேருகிற பையன்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். நீ என்ன வாசகம் எழுதுகிறாய் என்று எவனும் பார்க்க மாட்டான். அந்த விளம்பரத்தில் யாருக்குக் கைதட்டு விழுகிறது என்றுதான் பார்ப்பான். போய் அதைத்தான் செய்து பார்ப்பான். எழுதுவதற்கு முன்னால் அதை யோசி. யோசித்தும் தெரியவில்லை என்றால், அந்த விளம்பரத்தைச் செய்யாதே.