வெறுந்தண்ணீரில் ஒரு கரடி

இருந்தவர்கள்: காட்டுப்பன்றி, கடமான், மரநாய், கீரி, முயல், மயில், மூன்று வகைத் தவளை, எருமை, வெள்ளாடு, மனிதர், கரடி. இல்லாதவர்கள்: சிறுத்தை, முள்ளம்பன்றி, எறும்புத்தின்னி.

ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்கு மேலே உள்ள ஊற்றின் தண்ணீர் சொன்ன வருகைப் பதிவு இது. நான் இதைப் படித்தது பின்லாந்தில், காலை ஒன்பது மணிக்கும் விடியாத ஒரு தை மாதத்து நாளில். இந்த நாட்டில் எனக்கு இன்னும் பழகாதது ஒன்று உண்டு. வெளியே மூக்கு முடி உறையும் குளிரில் நடந்து வந்து, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, அதைவிடப் பல மடங்கு குளிரான பெட்டி ஒன்றைத் திறக்க உள்ளே போகிறோம். அந்தப் பெட்டியின் மூன்றாவது தட்டில், போளூர் பஸ்ஸில் என் மடியில் உட்கார்ந்து வந்த எங்கள் ஊற்று இருக்கிறது. தண்ணீராக இல்லை. ஐந்து ரூபாய் நாணயம் அளவுள்ள வெள்ளை வடிதாள்களாக.

என் வேலை என்னவென்று ஊரில் கேட்பவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். தண்ணீர் குடிக்க வரும் எந்த உயிரும் சும்மா போவதில்லை. கொஞ்சம் எச்சில், ஒரு முடி, உதிர்ந்த தோல் என்று எதையாவது விட்டுவிட்டுத்தான் போகிறது. அதற்குள் அந்த உயிரின் டிஎன்ஏ இருக்கிறது. தண்ணீரை வடிகட்டி, தாளில் தங்கியதைப் படித்தால் வந்துபோனவர்கள் யார் யார் என்று தெரியும். ஆளைப் பார்க்க வேண்டாம், கூண்டு வேண்டாம், பின்தொடர வேண்டாம். இதைச் செய்யத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் திரையில் பெயர்கள் வரிசையாக எழும்போது என் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். ஒரு கரடி குனிந்து நாலு மிடறு குடித்துவிட்டுப் போயிருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. தண்ணீர் மட்டும் பார்த்திருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறிய முதல் ஆள் நான். மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியர் பெயர் வாசிப்பார், நாங்கள் “உள்ளேன் ஐயா” என்போம். மாசி பிறந்தால் பாதிக் குரல்கள் வராது. ஆசிரியர் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போவார். அந்தப் பையன்கள் இல்லாமல் போகவில்லை, புளியமரத்தின் மேலே புளி உலுக்கிக்கொண்டிருந்தார்கள். இங்கே எங்கள் ஆய்வுக்கூடத்தை நடத்தும் ஹன்னா என்ற அம்மையார் முதல் வாரத்தில் எனக்குச் சொன்ன பாடமும் அதுதான். அட்டவணையில் சுழி இருந்தால் அந்த விலங்கு அங்கே இல்லை என்று அர்த்தமில்லை, நாம் கூப்பிட்டபோது நமக்குக் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம் என்றார். நான் தலையாட்டினேன். இதைப் படிக்க நான் ஏழு கடல் தாண்டியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

அன்று காலை கரடியின் பெயரைப் பார்த்ததும் முதலில் வியப்பு, அடுத்த நொடி பயம். காரணம் என் அண்ணி காசியம்மா. சூரியன் ஏறுவதற்கு முன்னால், தனியாக, அந்த ஊற்றுக்குத்தான் தினமும் குடத்தோடு போகிறார். எங்கள் பக்கத்துக் கரடி தேடிவந்து அடிக்காது. ஆனால் திடீரென்று எதிரே ஆள் வந்துவிட்டால் எழுந்து நின்று முகத்தைத்தான் பிறாண்டும்.

இந்தப் பயத்தை அரை நாளுக்குத் தள்ளிவைத்தது நாலாவது புட்டி. போன சித்திரையில் மாதிரி எடுக்க ஊருக்குப் போனபோது ஊற்றுத் தண்ணீரை மூன்று புட்டிகளில் பிடித்தேன். சிவப்பு மூடி போட்ட நாலாவது புட்டியில் இருந்தது பின்லாந்திலிருந்து கொண்டுபோன சுத்தத் தண்ணீர். எந்த உயிரும் தொடாத வெறுந்தண்ணீர். அதையும் ஊற்றோரம் திறந்து வைத்து, மற்றதைப் போலவே வடிகட்ட வேண்டும். கடைசியில் அதில் ஏதாவது விலங்கு தெரிந்தால் எங்கோ அழுக்கு கலந்திருக்கிறது, மற்ற மூன்றையும் நம்பக்கூடாது என்று பொருள். அண்ணி பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்.

“இதுலயும் தண்ணி கீதே, இது எந்த ஊரு தண்ணி?”

“நான் இருக்கிற ஊர்ல இருந்து கொண்டாந்தது அண்ணி.”

“ஊத்துக்கே தண்ணி தூக்கியாந்தவன் நீ ஒருத்தன்தான். இதுக்கா இத்தினி வருசம் படிச்ச?”

நான் சிரித்துக்கொண்டே, அண்ணன் அண்ணாமலை காட்டிய கடமான் புழுக்கையைப் பார்க்கச் சரிவில் ஏறிப் போனேன். திரும்பி வந்து நாலையும் வடிகட்டினேன்.

இப்போது திரையில் சிவப்பு மூடிப் புட்டியிலும் கரடி இருந்தது. ஹன்னாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். எங்கள் கூடத்தில் இந்தியாவின் வேறு காடுகளிலிருந்து வந்த மாதிரிகளும் உண்டு, அவற்றில் கரடி உண்டு. அதுதான் கலந்திருக்கும் என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. இந்த ஊர்க்காரர்கள் யோசிக்கும்போது வாயைத் திறக்க மாட்டார்கள். அது கோபமில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தும், தலைமை ஆசிரியர் முன்னால் நிற்பவன் போல நின்றேன். கடைசியில் “நோ நீன்” என்றார். ‘சரி, ஆகட்டும்’ என்பதற்கும் ‘போதும்’ என்பதற்கும் இங்கே அந்த ஒரு சொல்தான். எதைச் சொன்னார் என்று புரியாமலே நன்றி சொன்னேன். உள்ளுக்குள் எனக்கு நிம்மதிதான். கரடி ஊற்றுக்கு வரவில்லை, எங்கள் குளிர்பெட்டியில்தான் கலந்திருக்கிறது. அண்ணிக்கு ஒன்றுமில்லை.

மத்தியானம் அட்டவணையை மறுபடி பார்த்தபோது ஒன்று உறுத்தியது. சிவப்பு மூடியில் கரடி மட்டும் இல்லை. மரநாய் இருந்தது, கீரி இருந்தது, அந்த மூன்று வகைத் தவளையும் இருந்தன, எங்கள் வெள்ளாடுகூட இருந்தது. கலந்த அழுக்கு இவ்வளவு ஒழுங்காக வராது. அண்ணிக்குப் போன் போட்டேன். எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது பாறைமேல் மட்டும்தான். அப்போது அங்கே இருந்த அண்ணன் எடுத்தார்; சொன்னதும் போய் அண்ணியைப் பாறைக்கு ஏற்றினார்.

“அண்ணி, போன சித்திரையில ஊத்துல நாலு புட்டி வெச்சிருந்தேனே, அதுல சிவப்பு மூடி போட்டதைத் தொட்டீங்களா?”

“இன்னாத்துக்குக் கேக்கற?”

“சும்மாத்தான்.”

“சும்மா கேக்கறவன் வேல செய்யற பொம்பளய பாறைமேல ஏத்தி நிக்கவெச்சா கேப்பான்?” பிறகு குரல் தணிந்தது. “குடிச்சிப் பாத்தேன் தம்பி. சப்புன்னு இருந்துச்சி. உப்பும் இல்ல, உசுரும் இல்ல. அத்த எடுத்துக்கினு போயி இதான் எங்க ஊரு தண்ணின்னு வெள்ளக்காரங்க கையில குடுப்பியா? மானம் பூடும்னு கீழ ஊத்திட்டு, நல்லா அலசிட்டு, நம்ம தண்ணிய ரொப்பி வெச்சேன். அவங்க குடிச்சாங்களா? இன்னா சொன்னாங்க?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு தொண்டையைத் தாண்டுவதற்குள் மற்றது உறைத்துவிட்டது. நாலு புட்டியிலும் இருந்தது ஊற்றுத் தண்ணீர். அப்படியானால் எங்கேயும் அழுக்கு கலக்கவில்லை. கரடி உண்மை.

“அண்ணி, அந்த ஊத்துல கரடி தண்ணி குடிக்குது.”

அண்ணன் போனை வாங்கிக்கொண்டார். “டேய், நாலு வருசமா இங்க எவன் கண்ணுலயும் படல. பனியில குந்திக்கினு கீற உனக்கு எப்புடிடா தெரியும்?” எச்சில், முடி, வடிதாள் என்று முடிந்தவரை விளக்கினேன். அண்ணிக்கு அதில் ஒன்றுதான் காதில் விழுந்தது.

“அப்போ கரடி எச்சியத்தான் குடிச்சிக்கினு கீறோமா?”

“கரடி எச்சி, பன்னி எச்சி, கீரி எச்சி. உங்க எச்சியும் அதுல இருக்கு அண்ணி.”

“எனுது எப்புடி வரும்? நான் அண்ணாந்துல்ல குடிக்கறேன்.”

அன்று மாலை அதை நினைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். ஒருவர் வாய் வைத்த செம்பை இன்னொருவர் தொடத் தயங்கும் நாட்டிலிருந்து வந்தவன் நான். அந்த மலையிலோ பன்றியும் மானும் மயிலும் கரடியும் என் அண்ணியும் ஒரே குழியில் இத்தனை காலமாக ஒருவர் எச்சிலை ஒருவர் குடித்துத்தான் உயிரோடு இருந்திருக்கிறார்கள். அதில் நானும் வளர்ந்திருக்கிறேன். மனிதர் வரிசையை நீக்கிவிட வேண்டும் என்பது எங்கள் விதி. மாதிரி எடுத்தவர் கைபட்டதாகவே அதைக் கணக்கில் வைப்போம். அந்த வரிசையின்மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, நீக்கினேன்.

மறுநாள் ஹன்னாவிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டு வரும் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு. “உன் அண்ணி இன்றைக்கும் அங்கே போனாரா?”

மாதிரியைக் காப்பாற்ற முடியாது என்றார். வெறுந்தண்ணீர் இல்லாத பதிவைக் கட்டுரையில் சேர்க்க முடியாது. எங்கள் ஊற்று மொத்தமாக அட்டவணையிலிருந்து போகும், கரடியும் அதோடு போகும். பிறகு, இங்கே பழம் பொறுக்கப் போகிறவர்கள் கரடிக்குக் கேட்கும்படி பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும் போவார்கள் என்று சொன்னார். போன ஆவணியில் அவரோடு காட்டுக்கு நானும் போயிருக்கிறேன். இந்த நாட்டில் யார் காட்டிலும் யாரும் நடக்கலாம், பழம் பறிக்கலாம், கேட்பாரில்லை. நான்தான் ஒவ்வொரு கைப்பிடிக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெல்லி பொறுக்கினாலும் யாரைக் கேட்டுப் பொறுக்கினாய் என்ற வனக்காவலர் கேள்வி காத்திருக்கும் மலையில் வளர்ந்த கழுத்து அது. ஏன் அடிக்கடி திரும்புகிறாய், கரடிக்குப் பயமா என்று ஹன்னா கேட்டார். ஆமாம் என்றேன்.

பாட்டு யோசனையை அண்ணியிடம் சொன்னேன். “விடியக்காத்தால நான் பாடனா கரடி ஓடுதோ இல்லியோ, உங்கண்ணன் ஓடிருவாரு” என்றார். போனை வைத்துவிட்டார். அப்புறம் பத்து நாள் பேச்சில்லை. தினமும் எழுந்ததும் ஊரில் மணி என்ன என்று கணக்குப் போட்டு, அண்ணி இந்நேரம் திரும்பியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாசி மாதம் ஒரு நாள் அவரே பாறை ஏறிக் கூப்பிட்டார். அதுவரை அவர் என்னை அழைத்ததே இல்லை.

“ஆறு வூட்டுக்காரங்களும் பேசிட்டோம் தம்பி. வெயில் ஏர்ற வரைக்கும் அந்தப் பக்கம் போறதில்ல. கோடையில மேல அதுக்கு வேற எங்க தண்ணி கீது? நமக்குக் கீழோடையாவது கீது. அது வந்து குடிச்சிட்டுப் போவட்டும்.”

“அண்ணா நம்பினாரா?”

“அவரு கெடக்காரு. ஊத்தோரம் கரையான் புத்து ஒடச்சிக் கெடந்துச்சி, கரடி நகம் பட்டாப்பல. பாத்துட்டு வந்து வாயே தொறக்கல.”

கீழோடை எவ்வளவு தூரம் என்று கேட்டேன். அவரிடம் பதில் தயாராக இருந்தது. அண்ணி பள்ளிக்கூடம் போனவரில்லை. இருபது அடிக்கு ஒரு புளியங்கொட்டை மடியில் போட்டுக்கொண்டே ஓடைக்குப் போய் வந்திருக்கிறார். அதேபோல நல்ல வெயிலில் ஊற்றுக்கும் போய் வந்து, அந்த எண்ணிக்கைக்குக் கொட்டைகளை ஓடைக் குவியலிலிருந்து எடுத்திருக்கிறார். கழித்துப் பார்க்க ஒன்று வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மிச்சம் முப்பத்திரண்டு கொட்டை, ஒரு குடத்துக்குக் கூடும் நடை.

எங்கள் கட்டுரையில் அந்த மலைச்சரிவில் கரடி இல்லை. எங்கள் ஊரில் இருக்கிறது. நான் இரண்டையும் நம்பிக்கொண்டு, இப்போதெல்லாம் காலையில் ஒரு நிறுத்தம் முன்னதாகவே பஸ்ஸை விட்டு இறங்கி உறைந்த ஏரியோரம் நடக்கிறேன். கைப்பேசி அடிகளை எண்ணுகிறது. முப்பத்திரண்டு கொட்டைக்கு அறுநூற்று நாற்பது வந்ததும் நிற்கிறேன். என் இடுப்பில் குடம் இல்லை. காலடியில் இருக்கும் தண்ணீர் பங்குனி முடியும்வரை உருகாது. ஒரே ஒரு குடத்தின் தூரம்தான் நான் நடப்பது.

அவர்களுக்கு ஆறு வீடு. வீட்டுக்கு நாலு குடம். குடத்துக்கு முப்பத்திரண்டு கொட்டை. ஒரு கரடிக்காக, ஒவ்வொரு காலையும், பதினைந்தாயிரத்து முந்நூற்று அறுபது அடி.