நாற்பத்திரண்டு கிலோவும் எழுபது கிலோவும்

போன கிழமை மன்னார் ரவுணில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு ஜிம்மைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். கண்ணாடிக் கதவு திறபட்டதும் புது ரப்பர் வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. வாசலில் நின்ற பிள்ளை ஒரு துண்டுக் கடதாசியைத் தந்து, "அன்ரி, பொம்பிளையளுக்கும் தனி நேரம் இருக்கு, வாங்கோ" என்றாள். அன்ரி என்றது கொஞ்சம் சுட்டதுதான். ஆனாலும் வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தேன். இரண்டு வருசம் எங்கள் விறாந்தையே எனக்கு ஜிம்மாக இருந்தது என்று அவளுக்குச் சொன்னால் நம்புவாளோ தெரியாது.

எனக்கு ரப்பர் வாசம் என்றால் பழைய சைக்கிள் ரியூப். ஒட்டுப்போட இனி இடமில்லை என்ற நிலையில் கழற்றி எறிந்த ரியூப் அது. அதை ஜன்னல் கம்பியில் கட்டி, இரண்டு நுனியையும் பிடித்து நெஞ்சுவரை இழுப்பேன். இழுத்து முடித்துச் சோறு பிசையும்போதும் கையில் அந்த மணம் இருக்கும். எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் போகாது.

இந்தக் கதை என் கணவர் மரியதாஸிலிருந்துதான் தொடங்குகிறது. முசலிப் பக்கத்துக் கடற்கரையில் மீன் லொறிகளுக்கு ஐஸ் பெட்டி ஏற்றுகிற வேலை அவருக்கு. ஒரு பெட்டியைத் தனியாகத் தோளில் வைத்துக்கொண்டு கதைத்தபடியே நடப்பார். நானோ முன்பள்ளி ரீச்சர். நாற்பத்திரண்டு கிலோ. என் வாழ்நாளில் நான் தூக்கிய ஆகப் பெரிய பாரம், தாயை விட்டுப் பிரியமாட்டேன் என்று காலை உதைத்து அழுகிற நாலு வயதுப் பிள்ளை.

ஒருநாள் ஈரப் பெட்டியில் கால் வழுக்கி, லொறியின் மேலிருந்து முதுகு அடிபட விழுந்தார். நாலு மாதம் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வரும்போது இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. கட்டிலிலிருந்து சக்கரக் கதிரைக்கு எப்படி மாற்றுவது என்று அங்கே பயிற்சி தருகிற மிஸ் எனக்கும், அவருடைய தம்பி ஜெறோமுக்கும் காட்டித் தந்தா. எப்போதும் இரண்டு பேராகத்தான் தூக்கவேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னா. ஒரே இடத்தில் படுத்துக் கிடந்தால் புண் வரும், வந்தால் லேசில் மாறாது என்றும் சொன்னா.

ஜெறோம் பக்கத்து வளவில்தான் இருந்தான். ஆனால் கடலுக்குப் போகிறவனுக்கு ஏது நேரம்? அவன் வரும் நேரம்தான் தாஸுக்குக் கதிரை நேரம், குளிக்கிற நேரம், எல்லாம். ஒருநாள் முற்பகல், முதுகு எரியுது என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். அவர் எரியுது என்று வாய்விட்டுச் சொல்கிறவர் இல்லை. நான் தனியாகத் தூக்கிப் பார்த்தேன்.

அரைவாசி எழும்பினார். பிறகு என் முழங்கால் மடங்கியது. இரண்டு பேரும் சீமெந்து நிலத்தில் கிடந்தோம். ஆளைக் கூப்பிடப் போனேன். ஒருத்தரையும் கூப்பிடாதே என்றார். தலைக்குத் தலையணை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். ஜெறோமின் வள்ளம் வர இரண்டு மணித்தியாலம் ஆனது. இடையில் செவ்வெறும்பு வரிசையாக வந்து அவருடைய பாதத்தில் ஏறியது. அவருக்குத் தெரியவில்லை. முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். நான் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டேன். இன்றுவரை அதை அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த கிளினிக்கில் மிஸ்ஸிடம் விழுந்ததைச் சொன்னேன். ஏச்சு விழும் என்று பயந்துகொண்டு போனேன். அவ ஏசவில்லை. ஒரு கதிரையைக் காட்டி, கை ஊன்றாமல் பத்துத் தரம் இருந்து எழும்பச் சொன்னா. ஆறாவது தரம் என் தொடை நடுங்கத் தொடங்கியது.

"அக்கா, இதுக்குக் குளிசை இல்ல. உங்கட காலும் முதுகும் பழகோணும். வீட்டில இருக்கிற சாமானே காணும்" என்றா. கிளினிக் துண்டின் பின்பக்கத்தில் என்னென்ன செய்வது என்று எழுதியும் தந்தா.

அப்படித்தான் அந்த ரியூப் வந்தது. ஐந்து லீற்றர் தண்ணிக் கான் இரண்டும் வந்தன. கடற்கரை மண்ணை அரித்து, வெயிலில் காயவைத்து, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஒரு பால்மா ரின் அளவு கூட்டிப் போடுவேன். கானை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதிரையில் இருந்து எழும்புவேன். கான் நிறைந்த பிறகு அரிசிச் சாக்குக்குள் மண். எங்கள் கோழி இட்டு, முன்பு விற்றுவந்த முட்டையை இப்போது நானே அவித்துச் சாப்பிட்டேன். மலிவாகக் கிடைக்கிற சூடை மீன், கௌபி, பயறு. அவ்வளவுதான். ஆறாம் மாதம் ஞாயிறு பூசையில் கையை உயர்த்தியபோது சட்டைக் கையின் தையல் டர்ரென்று விட்டது. பின்வாங்கில் இருந்த பெண்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நான் திரும்பிப் பார்க்காமலே அறிந்தேன்.

சிரிக்காத ஒரே ஆள் தாஸ். நான் சாக்கைத் தூக்கினால் அவர் முகம் சுவர்ப் பக்கம் திரும்பும். ஒருநாள் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்:

"என்னைத் தூக்கத்தானே இவ்வளவும். நான் என்ன மண்மூட்டையோ?"

"மண்மூட்டை என்னோட சண்டைக்கு வாறதில்ல" என்றேன்.

சொல்லியிருக்கக்கூடாது.  அதன்பிறகு, தூக்கிப் பார்ப்பமா என்று கேட்டபோதெல்லாம் ஒருக்கா விழுந்தது காணும் என்று மறுத்துவிட்டார். எனக்கு உடம்பில் பலம் வந்தது. அது போதுமா என்று தெரிந்துகொள்ள வழி வரவில்லை. இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது, எனக்குத் தெரியாமல். சிறுநீருக்கு அடிக்கடி ஆளைக் கூப்பிட வேண்டிவருமே என்று, மனிதர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருந்தார்.

பிறகு நாடு முழுக்க எரிபொருள் தட்டுப்பட்டு, வள்ளத்து எஞ்சினுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற காலம் வந்தது. உங்களுக்கும் மறந்திருக்காது. எங்கள் ஊர் ஆம்பிளைகள் கடலுக்குப் போன நாளைவிட வரிசையில் நின்ற நாள்தான் கூட. அப்படியொரு காலை, ஜெறோமும் ஊரில் மற்றவர்களும் கானோடு போய்விட்டார்கள். ஒன்பது மணிபோல தாஸுக்கு நடுக்கம் பிடித்தது. தொட்டால் கை சுடுகிற காய்ச்சல். கொஞ்ச நேரத்தில் கதை மாறியது. லொறி வந்திட்டுதா, பெட்டி ஏத்தியாச்சா என்று கேட்கத் தொடங்கினார். மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். அது சிறுநீர்க் கிருமியாக இருக்கும், இரத்தத்தில் கலந்தால் ஆபத்து, ஒரு நிமிசமும் சுணங்காமல் கொண்டுவாங்கோ என்றா.

ஓட்டோ வைத்திருக்கும் சிவலிங்கம் அண்ணை வந்தார். பாப்பாமோட்டை ஆள், எங்கள் பக்கம் கலியாணம் கட்டியவர். நல்ல மனிதர். ஆனால் வயிற்றில் ஒப்பரேசன் செய்து மூன்று கிழமைதான். பாரம் தூக்கக்கூடாது. அறை வாசலில் நின்று கட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பெற்றோல் போகமட்டும்தான் காணும், தங்கச்சி. ஆரையும் தேடி ஓடேலாது" என்றார்.

ஊரில் இருந்த பெண்களைக் கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பக்கத்து வீட்டில் ஒருத்தி பிள்ளை வயிற்றோடு. மற்றவர்களும் வரிசையில். நான் கட்டில் நுனியில் அவரை இருத்தி, அவருடைய இரண்டு முழங்காலையும் என் முழங்காலுக்கிடையில் பூட்டினேன். அந்த நேரம் பார்த்து அவருக்குப் புத்தி தெளிந்தது.

"விடு. ஜெறோம் வரட்டும்."

"அவன் வரமாட்டான். என்ர கழுத்தைப் பிடியுங்கோ."

"கீழ போட்டால்?"

"சேர்ந்து விழுவம். பிடியுங்கோ."

பிடித்தார். கதிரைக்கு வந்துவிட்டார். எப்படி வந்தார் என்று யோசிக்க நேரமில்லை. முற்றத்து மணலில் சக்கரம் புதைந்தது. அண்ணை முன்னால் தகரம் போட, நான் தள்ளினேன். ஓட்டோவின் இருக்கை கதிரையைவிட உயரம், வாசல் ஒடுக்கம். முதல் தரம் தூக்கியபோது அவருடைய தோள் கூரைக் கம்பியில் இடித்து, திரும்பவும் கதிரையில் இருத்த வேண்டியதாயிற்று. கைப்பலத்தால்தான் தூக்கப் பார்த்திருக்கிறேன். மிஸ் சொன்னது நினைவில் வந்தது: கையை மறவுங்கோ, காலால எழும்புங்கோ. குந்தி, மூச்சை இழுத்து, காலால் எழும்பினேன். எழுபது கிலோவும் என்னோடு எழும்பியது.

இன்னும் அரைநாள் பிந்தியிருந்தால் தப்பியிருக்கமாட்டார் என்று டொக்ரர் பிறகு சொன்னார். பதினொரு நாள் வார்ட்டில் இருந்தோம். மருந்து ஏறிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், தண்ணீர் குடிக்காமல் இருந்த கதையைத் தானாகவே சொன்னார். நான் அழுதேன், நல்லா ஏசவும் செய்தேன். வீட்டுக்கு வந்த அடுத்த நாள், "அந்தக் கானில ஒண்டை இஞ்சால கொண்டா" என்றார். கட்டிலில் சாய்ந்தபடி தூக்கத் தொடங்கினார். முதல் நாள் எட்டுத் தரம்.

அவருக்குப் பலம் வர வருசம் ஒன்றுக்கு மேல் எடுத்தது. அதுவரை கதிரைக்கு நான்தான் தனியாகத் தூக்கி இருத்தினேன். தோளும் கையும் பழைய ஐஸ் பெட்டிக்காரனுடையதுபோல் ஆயின. ஜெறோம் ஒரு பலகையை நன்றாகச் சீவி வழவழப்பாக்கித் தந்தான். கட்டிலுக்கும் கதிரைக்கும் நடுவில் அதை வைத்து, கையை ஊன்றி, தானாகவே சறுக்கிப் போய்விடுவார். நான் கிட்டப் போனாலும், நீ உன்ர வேலையைப் பார் என்பார். இதைத்தான் நானும் வேண்டிக் கேட்டேன்.

ஜெறோம் இப்போது கட்டாரில். சாக்கு மண்ணை வளவில் கொட்டிவிட்டேன். என் கை பழையபடி ரீச்சர் கையாகிவிட்டது.

அவரைத் தூக்கிய காலத்தில், கதிரைப் பக்கம் திருப்புவதற்கு முன் ஒரு மூச்சு நேரம் நிலை எடுத்து நிற்கவேண்டும். இரண்டு பேரும் நேராக. என் நெற்றி அவருடைய கழுத்துக்குழியில் முட்டும். இன்றைக்கு என்ன கறி என்று என் தலைக்கு மேலால் கேட்பார். அந்த ஒரு மூச்சு நேரம்தான் அவர் எழும்பி நின்ற நேரம். பலகை வந்த பிறகு அவர் நின்று நான் பார்க்கவில்லை. என்னைவிட அவர் எவ்வளவு உயரம் என்பதை இப்போது யோசித்துத்தான் சொல்லவேண்டியிருக்கிறது.