விளிம்பில் இருந்த கறுப்புக் குறி

பட்டறையில் அவளுக்கு மைக்ரான் என்று பட்டப்பெயர். மயிரிழையைப் பல கூறு போட்டு அதில் ஒரு கூறு பிசகினாலும் தாம்தூம் என்று குதிப்பாள்.

அவள் மெருகேற்றும் லென்ஸ் பந்து மாதிரி ஒரே வளைவு கிடையாது. நடுவிலிருந்து விளிம்புக்குப் போகப் போக வளைவு மாறிக்கொண்டே இருக்கும். முதலில் அதை அளந்து மேடு பள்ளத்தைப் படமாக எடுத்துக்கொள்வாள். கம்ப்யூட்டர் மிஷின் அந்தப் படத்தைப் பார்த்து, மேட்டில் நின்று தேய்க்கும், பள்ளத்தைச் சட்டென்று கடக்கும். படத்தின் எந்தப் பக்கம் லென்ஸின் எந்தப் பக்கம் என்று காட்டுவது விளிம்பில் அவள் வைக்கும் ஒரு கறுப்புக் குறிதான். அதைத்தான் நேற்று அழித்துத் தொலைத்தார் சூப்பர்வைசர், அவளுடைய அக்கா புருஷன்.

எதற்காம்? பட்டறையைச் சுற்றிப் பார்க்க வந்த விருந்தாளிகள் எடுக்கும் போட்டோவில் லென்ஸ் பளிச்சென்று தெரியணுமாம். அவர்கள் போனதும் மார்க்கரால் குத்துமதிப்பாக எங்கேயோ ஒரு குறியை வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். குறிதான் இருக்கிறதே என்று இன்று காலை அவள் மிஷினை ஓடவிட்டாள். அது பள்ளத்தில் நின்று நிதானமாகத் தேய்த்தது. மறுபடி அளந்தபோது பள்ளம் கிணறாகிக் கிடந்தது.

மாசக்கணக்காகப் பார்த்த வேலை மண்ணாய்ப் போனது. இது ஒழுங்காக வந்தால் அடுத்த பெரிய லென்ஸ் அவள் பொறுப்பு என்று முதலாளியம்மா வாக்குக் கொடுத்திருந்தாள்.

அத்தான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். "நீதான் குறியை அழிச்சேன்னு சொல்லிடும்மா. உன்னைன்னா திட்டோட விட்டுடுவாங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே? செய்வதையும் செய்துவிட்டு, பழியை ஏற்றிவைக்க இவள் தலைதானா கிடைத்தது?

முதலாளியம்மா கேட்டபோது பட்டென்று சொன்னாள். "குறியை அழிச்சது அத்தான். இடம் மாத்தி வச்சதும் அத்தான். சரிபார்க்காம ஓட்டினது நான். என் தப்புக்கு என்னைத் திட்டுங்க, அவர் தப்பை நான் சுமக்க மாட்டேன்."

"பெரிய லென்ஸை அப்புறம் பார்க்கலாம்," என்றாள் முதலாளியம்மா.

தினமும் அவளைப் பைக்கில் வீட்டில் கொண்டுபோய் விடுகிற அத்தான் இன்று தனியாகக் கிளம்பிப் போய்விட்டார். பஸ் ஸ்டாப்பில் நின்றபோது அக்கா போன் செய்தாள்.

"ஏன்டி, உன் தப்பை அவர் தலையில கட்டிட்டியாமே?"

"யாரு சொன்னது, அக்கா?"

"அவர்தான். குறியை நீ அழிச்சுட்டே, லென்ஸ் பாழாகப் போகுதுன்னு நேத்தே வந்து புலம்பினாரே."

நேற்றே. அவள் மிஷினை ஓடவிட்டது இன்று காலையில்தான்.

"போனை வை அக்கா, நேர்ல வரேன்," என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினாள்.