பாகு ஊற்றிய பந்தயத் திடல்

நோரீன் டக்வெல்லுக்குக் குதிரை என்றாலே ஆகாது. சின்ன வயதில் ஒன்று தோளைக் கடித்துவிட்டது. அப்படிப்பட்டவள் கூலமுரா ஊரின் குதிரைப் பந்தயக் கிளப்புக்குச் செயலாளரான கதை ரொம்பச் சுருக்கம். ஆண்டுக் கூட்டத்துக்கு யார் வரவில்லையோ அவர் தலையில் பதவியைக் கட்டிவிடுவது ஊர் வழக்கம். அந்த வருஷம் அவள் பிரசவத்துக்குப் போயிருந்தாள். பிள்ளையோடு திரும்பி வந்தால் வாசல் கதவில் கிளப்பின் சாவிக்கொத்து தொங்குகிறது. அந்தப் பிள்ளைக்கு இப்போது நரை விழுந்துவிட்டது. சாவி இன்னும் அவளிடம்தான்.

கிளப் என்றதும் மாளிகையை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆட்டு ரோமம் கத்தரிக்க வந்தவர்களும் மதுக்கடைக்காரரும் யார் குதிரை வேகம் என்று வாய்ச்சண்டை போட்டதில் பிறந்த கிளப் அது. ஒரு தகரக் கொட்டகை, ஒரு செம்மண் வட்டம், வருஷத்துக்கு ஒரே ஒரு பந்தய நாள். சம்பளம் வாங்குகிறவர் ஒருத்தர் கிடையாது. வெள்ளத்தில் குதிரைகள் வந்துசேராத வருஷம் ஆட்டுக்கிடாக்களை ஓடவிட்டார்கள். ஜெயித்த கிடாவின் பெயர் பரிசுக் கோப்பையில் இன்றும் இருக்கிறது. கழிப்பறை கழுவுவதிலிருந்து அந்தக் கோப்பையைத் துலக்குவது வரை எல்லாம் நோரீன் வேலை.

போன வருஷம்தான் வினை வந்தது. நகரத்திலிருந்து வந்த பந்தய அதிகாரி ஃபெயர்லி, சிரிக்கக் கூலி கேட்கிற ஆள். தரையைக் காலால் மிதித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"பாறை மாதிரி இருக்கு. கிளம்புன புழுதியில எது ஜெயிச்சதுன்னு நடுவருக்கே தெரியல. அடுத்த வருஷமும் இப்படித்தான்னா உங்க பந்தயத் தேதியை வேற ஊருக்குக் கொடுத்துடுவோம்."

தேதி போனால் கிளப்பும் போயிற்று. நோரீன் அந்த வருஷம் முழுக்கச் சரியாகத் தூங்கவில்லை.

ஆகவே இந்த வருஷப் பந்தயத்துக்கு முந்தின நாள் திடலுக்குத் தண்ணீர் தெளிக்க முடிவானது. கிளப்புக்கென்று லாரி ஏது? பண்ணைக்காரன் கிளாரியிடம் இரவல் வாங்கினார்கள். மழை பொய்த்துப் புல் முளைக்காத இந்த வருஷம் அவன் தன் மாடுகளுக்குத் தீனியாகக் கரும்புப்பாகு ஏற்றி வந்த தொட்டி லாரி அது. "கழுவி வச்சிட்டேன்" என்றான் கிளாரி. நோரீனின் கணவன் மெர்வ் அதை நம்பினான். தொட்டிக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் குளத்துத் தண்ணீரை நிரப்பி, பந்தயம் முடிகிற கடைசி நேர்த்தடம் முழுக்கத் தெளித்துவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போய்ப் படுத்தான்.

காலையில் நோரீன் வந்து பார்த்தால் வேலியைக் காணோம். கிளாரியின் மாடுகள் மொத்தமும் திடலில் நின்று தரையை நக்கிக்கொண்டிருந்தன.

"மெர்வ்! இங்க என்னய்யா ஊத்துன?"

"தண்ணி."

"தண்ணிக்கா இத்தனை மாடு வரும்?"

மெர்வ் குனிந்து மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்தான். "லேசா இனிக்குது."

"ஊத்தும்போது நெறத்தைப் பார்க்க மாட்ட?"

"நம்ம குளத்துத் தண்ணி என்னைக்கு வேற நெறத்துல இருந்துச்சு?"

கிளாரியைக் கேட்டால் அவன் லாரியைக் காட்டினான். "கழுவுனேனே! வெளியில எப்படிப் பளபளன்னு இருக்கு பாரு."

மாடுகளை விரட்ட ஊரே இறங்கியது. மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள், நாய்களை ஏவினார்கள். நாய்களும் படுத்து நக்க ஆரம்பித்தன. நோரீன் ஆத்திரத்தில் ஒரு வாளியை எடுத்துக் கரண்டியால் தட்டினாள். பண்ணையில் தீனிக்குக் கூப்பிடும் சத்தம் அதுதான் என்று அவளுக்கு நினைவில்லை. வராமல் நின்ற மாடுகளும் வந்துவிட்டன. கடைசியில் கிளாரி குழாயைத் திறந்துவிட்டு லாரியை மெல்ல ஓட்டிப் போக, மாடுகள் கல்யாண ஊர்வலம் போல அதன் பின்னால் போயின. மண்ணைக் கட்டையால் சமன்படுத்தி முடிப்பதற்கும் ஃபெயர்லியின் கார் வருவதற்கும் சரியாக இருந்தது.

அவர் கைத்தடியைத் தரையில் ஊன்றினார். அது சுகமாக இறங்கியது. மாடுகளின் குளம்பு மண்ணை அப்படி இளக்கியிருந்தது. பாகு புழுதியை அடக்கியிருந்தது.

"ரொம்ப நல்லா இருக்கே. எப்படிம்மா செஞ்சீங்க?"

"ஊரே சேர்ந்து பாடுபட்டுச்சு சார்" என்றாள் நோரீன். அது பொய்யில்லை.

முதல் பந்தயத்துக்குக் குதிரைகள் தொடக்க இடத்தை நோக்கித் திடல் வழியாக நடந்தன. நேர்த்தடத்துக்கு வந்ததும் முதல் குதிரை தலையைக் குனிந்தது. அடுத்தது குனிந்தது. மேலே இருந்தவர்கள் கடிவாளத்தை இழுக்க இழுக்க, அத்தனையும் வரிசையாக நின்று நக்கின.

ஃபெயர்லி ஒரு சிட்டிகை மண்ணை எடுத்தார். முகர்ந்தார். நாக்கில் வைத்தார். பிறகு நோரீனைப் பார்த்தார்.

"ஏதோ உரம்னு சொல்லிடு" என்று மெர்வ் காதைக் கடித்தான்.

நோரீனுக்குப் பொய் வரவில்லை. லாரி, பாகு, மாடு, வாளி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஃபெயர்லி விரலைத் துடைத்துக்கொண்டார்.

"வருஷத்துல ஒரு நாளுக்கு ஏம்மா இவ்வளவு பாடு?"

"எங்களுக்குப் பக்கத்து வீடுன்னாலே ரொம்ப தூரம் வண்டி ஓட்டணும் சார். இந்த ஒரு நாள்தான் எல்லாரும் எல்லாரையும் பார்க்குறோம். இதுவும் போச்சுன்னா அப்புறம் சாவுலதான் பார்த்துக்கணும். அங்க, யாரைப் பார்க்கணும்னு வந்தோமோ அவங்க மட்டும் பேச மாட்டாங்க."

ஃபெயர்லி கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். கொடியோடு நின்றவரைக் கூப்பிட்டார்.

"குதிரைங்க நக்கி முடிக்கட்டும். அப்புறம் ஓட விடுங்க."

"சார், தேதி?" என்றாள் நோரீன்.

"உங்களுக்குத்தான். அடுத்த தடவை பாகைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க."

யார் முன்னாலும் அழாத நோரீன் அவர் முன்னாலேயே அழுதாள். முதல் பந்தயம் வெகுநேரம் தாமதமாகத்தான் தொடங்கியது. கொட்டகையில் ஒருவரும் குறை சொல்லவில்லை. பேசக் கூடுதலாக நேரம் கிடைத்ததே!